மகளின் செலவுக்கணக்கும் குடும்ப நல நீதிமன்றமும்

விவாகரத்து மனுவை முதலில் போட்டது என் கணவர்தான். சம்மன் வந்ததும் எனக்கிருந்த கவலை இரண்டே: மகள் யாரிடம் இருப்பாள், அவள் படிப்புக்கு யார் பணம் கட்டுவது? வக்கீல் வைக்கக் கையில் காசில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது, வேலைக்குப் போகும் பெண்ணும் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் நகையை அடகு வைக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். நான் நேராக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே போய் மனு கொடுத்தேன்.

இலவச வக்கீல் அக்கறையாகப் பார்க்க மாட்டார் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. எனக்குக் கிடைத்த வக்கீலம்மா முதல் சந்திப்பிலேயே, “சண்டையெல்லாம் அப்புறம் கேட்டுக்கிறேன்மா. பாப்பாவுக்கு மாசம் என்ன செலவாகுது, அதை முதல்ல சொல்லுங்க” என்றார். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக நீதிபதியின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு மனு போட்டு வாங்கினார்.

விவாகரத்து வழக்கு முடியும்வரை குழந்தையின் செலவு காத்திருக்காது. அதனால் இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் மகளுக்காக இடைக்கால மனு போட்டோம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாதான். ஆனால் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்ன தீர்ப்பு கைகொடுத்தது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே மனுவைச் சீக்கிரம் போட்டுவிடுவது நல்லது.

அதே தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். என் கணிப்பில் வழக்கின் உயிரே இந்தக் காகிதம்தான். பள்ளிக் கட்டணம், வேன், நோட்டுப் புத்தகம், பல் டாக்டர் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்தேன். ஆறு மாதத்தில் சிறிதாகிப்போகும் செருப்பைக்கூட வக்கீலம்மா விடவில்லை. கணவர் தரப்புப் பத்திரத்தில் மாத வருமானம் மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அதே பத்திரத்தில், கடன் பகுதியில், கார் தவணை அந்த வருமானத்தைவிட அதிகம். “அப்போ தவணையை யார் கட்டுறாங்க?” என்று நீதிபதி கேட்டார். பதில் வரவில்லை. அதற்கப்புறம் தொகை பற்றிப் பெரிய வாதம் நடக்கவில்லை.

கஸ்டடி, அதாவது மகள் யாரிடம் இருப்பது என்பது, அவ்வளவு எளிதாக இல்லை. ஐந்து வயதுவரை குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான். என் மகள் அந்த வயதைத் தாண்டியிருந்தாள். அதற்குமேல் குழந்தையின் நலனே முதன்மை. நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எதுவும் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை. அம்மா அப்பா இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பாரத்தை அந்தப் பிஞ்சின் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவள் என்னிடம் இருக்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

அப்பாவைப் பார்க்கவே கூடாது என்று நான் கேட்டதில்லை. கவுன்சலிங்கில் எழுதிய வரைவில் “இருவரின் வசதிப்படி சந்திக்கலாம்” என்று இருந்தது. வக்கீலம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, யார் கூட்டி வருவது, லீவு நாளில் எப்படி, வீடியோ காலுக்கு எந்த நேரம் என்று எல்லாவற்றையும் எழுத வைத்தார். இப்போது சனிக்கிழமைகளில் எங்களுக்குள் பேச்சே தேவைப்படுவதில்லை. மகளும் பதற்றமில்லாமல் போய் வருகிறாள்.

உத்தரவில் உள்ள தொகையே கடைசி என்றில்லை, நிலைமை மாறினால் அதே 26-வது பிரிவில் மாற்றக் கேட்கலாம். அடுத்த வருடம் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறாள், கட்டணமும் கூடுகிறது. புதிய ரசீதுகளைத் தனி ஃபைலில் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.