ஒரு சோறு எப்போது பதம்?

கருத்துக்கணிப்புச் செய்திகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "மாதிரி 1,000 பேர், பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 3 சதவீதம்." பலர் அதைப் படிப்பதே இல்லை. படிக்கிறவர்களோ, தவறினாலும் 3 சதவீதத்துக்கு மேல் தவறாது என்று நம்பிவிடுகிறார்கள். அதிகம் ஏமாறுவது இவர்கள்தான். கருத்துக்கணிப்பில் வரும் பிழைகளில் கணக்குப்போட எளிதானது எதுவோ, அதை மட்டும்தான் அந்த 3 சொல்கிறது.

அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் அடிப்படை. பானை பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. 50 லட்சம் பேர் உள்ள நாட்டிலும் 50 கோடி பேர் உள்ள நாட்டிலும் 1,000 பேர் தரும் துல்லியம் ஏறக்குறைய ஒன்றுதான். மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் தோராயமான பிழை வரம்பு கிடைக்கும்: 400 பேருக்கு 5 சதவீதம், 1,000 பேருக்கு 3. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். செலவு ஏறும் வேகத்துக்குத் துல்லியம் ஏறாது. 1,000, 2,000 என்ற அளவிலேயே பல கணிப்புகள் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். இந்த வரம்புகூட, இதே வேலையை 100 முறை செய்தால் சுமார் 95 முறைதான் பொருந்தும்.

இதிலேயே இரண்டு வழுக்கல்கள் உண்டு. ஒருவருக்கு 46, மற்றவருக்கு 43 என்றால் வித்தியாசம் 3. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு உரிய பிழை வரம்பு 3 இல்லை, கிட்டத்தட்ட 6. "முந்துகிறார்" என்று தலைப்பிட அங்கே ஆதாரம் இல்லை. அடுத்தது உட்பிரிவு. 1,000 பேரில் 25 வயதுக்குட்பட்டோர் 100 பேர் இருந்தால், "இளைஞர்கள் மனம் மாறிவிட்டார்கள்" என்ற செய்தி அந்த 100 பேரை நம்பித்தான் நிற்கிறது. அங்கே வரம்பு 10 சதவீதம்.

சரி, இந்தப் பழமொழி எப்போது பொய்க்கும்? பானையைக் கிளறாமல் மேலாக அள்ளும்போது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. 1920 முதல் 1932 வரை நான்கு தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன பத்திரிகை அது. இம்முறை லாண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், சுமார் 61 சதவீதத்துடன். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் வந்தவை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இரண்டும் வசதியானவர்களின் பட்டியல். போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்களில் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்கள் அதிகம். அதே தேர்தலில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. அதே காலப் 1948 அதிபர் தேர்தலில் சறுக்கியது. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வயது என்று ஒதுக்கீடு கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் களப்பணியாளரிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் எளிதில் அணுகக்கூடியவர்களைப் பிடித்தார்கள். தேர்தலுக்கு இரண்டு வாரத்துக்கும் முன்பே கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. தோற்பார் என்று காலப் சொன்ன ட்ரூமன் வென்றார்.

இன்றைய தலைவலி வேறு: யாரும் பதில் சொல்வதில்லை. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசிக் கருத்தாய்வுகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதிலளிப்பு விகிதம் 2018இல் 6 சதவீதமாகிவிட்டது. இதை ஈடுகட்டத்தான் எடையிடல். மக்கள்தொகையில் 20 சதவீதம் உள்ள ஒரு பிரிவு மாதிரியில் 8 சதவீதமே கிடைத்தால், அவர்கள் ஒவ்வொருவரின் பதிலையும் 2.5 ஆகவும் மற்றவர்களுடையதை 0.87 ஆகவும் எண்ணுவார்கள். இது இலவசம் இல்லை. அந்த 1,000 பேர் இப்போது சுமார் 836 பேருக்குச் சமம், வரம்பு 3.1இலிருந்து 3.4க்கு ஏறும். அதைவிடப் பெரிய சிக்கல், எதை வைத்து எடையிடுவது என்பது. 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதியை வைத்துச் சரிசெய்யவில்லை. பட்டதாரிகள் ஆய்வுகளுக்கு அதிகம் பதிலளிப்பவர்கள், அந்த முறை அவர்களுடைய வாக்கும் மற்றவர்களுடைய வாக்கும் வெகுவாகப் பிரிந்திருந்தன. பதில் சொன்ன 8 பேர், பதில் சொல்லாத 12 பேரைப் போலவே நினைப்பார்கள் என்பது அனுமானம். எந்த எடையாலும் அதை நிரூபிக்க முடியாது.

கேள்வியைக் கேட்கும் விதத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். "தடை செய்யலாமா?" என்பதும் "அனுமதிக்காமல் இருக்கலாமா?" என்பதும் தர்க்கப்படி ஒன்றுதான். ஆனால் "தடை" என்ற சொல்லுக்குத் தயங்குகிறவர்கள் பலர், "அனுமதிக்க வேண்டாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வரிசையும் விடையை மாற்றும். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை உள்ளே விடலாமா என்று 1948இல் அமெரிக்கர்களிடம் முதலில் கேட்டபோது 40 சதவீதம்கூட ஆம் சொல்லவில்லை. அமெரிக்க நிருபர்களை அங்கே விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 70 சதவீதத்தைத் தாண்டினார்கள். முதல் கேள்விக்கு ஆம் சொன்னவர் அடுத்ததற்கு இல்லை சொல்லக் கூச்சப்படுகிறார். நல்ல நிறுவனங்கள் மாதிரியை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரிடம் வரிசையை மாற்றிக் கேட்பது இதனால்தான்.

இன்னொன்று வேடிக்கையானது. இல்லாத சட்டம் ஒன்றுக்கு '1975 பொது விவகாரச் சட்டம்' என்று பெயர் வைத்து, அதை ரத்து செய்யலாமா என்று அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டவருக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று அந்த நொடியில் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார்கள். "இதைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா?" என்று முன்கேள்வி வைத்தால் இத்தகைய பதில்கள் வெகுவாகக் குறையும். பல கணிப்புகள் அதை வைப்பதில்லை. "கருத்து இல்லை 40 சதவீதம்" என்ற தலைப்பு யாருக்கு விற்கும்?

கையில் கிடைப்பது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கருத்து உருவாகும் கதை. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களை மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஊடக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முக்கியப் பிரச்சினை எது என்று அந்த வாக்காளர்கள் சொன்ன வரிசை, செய்திகள் முக்கியத்துவம் தந்த வரிசையோடு நெருக்கமாக ஒத்துப்போனது. ஊடகம் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லித் தராவிட்டாலும், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை அடுக்கி வைத்துவிடுகிறது. அதற்கும் முன்னால், 1940இல் ஒஹையோ மாநிலத்தில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் குழு பார்த்தது வேறொன்று: பலருக்கு அரசியல் செய்தி நேராக வருவதில்லை, தாங்கள் மதிக்கும் தெரிந்தவர் ஒருவர் வாய்வழியாகத்தான் வருகிறது. கணிப்பு முடிவும் இந்தச் சுழலில் போய்ச் சேர்கிறது. தன் கருத்து சிறுபான்மை என்று தலைப்பில் படித்தவர் அடுத்த முறை வாயைத் திறக்கத் தயங்கலாம்.

தேர்தல் கணிப்புக்காவது வாக்கு எண்ணும் நாள் என்று ஒரு பரீட்சை உண்டு. அதனால்தான் 1936உம் 1948உம் நமக்குத் தெரியும். வரி, போர், தண்டனை, கல்வி பற்றிய "மக்களில் 62 சதவீதம் ஆதரவு" வகைக் கணிப்புகளுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது கேள்வியின் முழு வாசகம், அதற்கு முன் என்ன கேட்டார்கள், "தெரியாது" என்று சொல்ல வழி இருந்ததா, காசு கொடுத்தது யார், எந்தத் தேதிகளில் எந்த வழியில் கேட்டார்கள் என்பவை. வாசகமே வெளியிடப்படவில்லை என்றால் நான் அந்த 62ஐத் தாண்டிப் போய்விடுவேன்.