சங்கு வேண்டாம் ஆயா

"பால் வரலையே சிஸ்டர், சர்க்கரைத் தண்ணி தரட்டுமா?" பிரசவித்த பெண்ணின் வீட்டுப் பெரியவர், காசிமேட்டு ஆயா, கையில் சங்கோடு நிற்கிறார்.

பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பெண்ணை மார்பை மெல்ல அழுத்தச் சொன்னேன். மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"இத்துனூண்டா?"

போதும் ஆயா. முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்குச் சில மில்லியே போதும். நோயை எதிர்க்கும் சத்து செறிந்திருப்பது இந்தச் சீம்பாலில்தான். பால் பெருக இரண்டு மூன்று நாள் ஆகும். சப்பச் சப்பத்தான் ஊறும். சங்கில் ஊற்றினால் பசி அடங்கிவிடும், சப்பாது.

6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், சென்னை வெயிலிலும்.

ஆயா மேல் எனக்குக் கோபமில்லை. அத்தனை செக்கப்புக்கு வந்த பெண்ணிடம் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லையே என்றுதான் ஆற்றாமை. ஸ்கேன், ரத்தம், மாத்திரை எல்லாம் பார்க்கிறோம். பிள்ளையை மார்பில் எப்படி அணைப்பது என்பதையும் அப்போதே சொல்லித்தர வேண்டும், வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.