ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

ஊர்த் தகராறில் அடிபட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்களில் பலர் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருகிறார்கள், வழக்கு போட்டாயிற்று என்ற நினைப்பில். அது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். எதிராளி கட்சிக்கொடி கட்டிய காரில் வந்து இறங்குகிறவர் என்றால் அவர் புகார் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். (வழக்கைத் தொடங்கும் முதல் தகவல் அறிக்கை) ஆகிவிடும்; உங்களுடையது ரசீதோடு நின்றுவிடும். நீதிமன்றத்தின் தராசெல்லாம் அப்புறம். புகாரை எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் மேசையிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே புகாரின் வாசகம் முக்கியம். 'அடித்தார்' என்று மட்டும் எழுதினால் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 115(2), மாஜிஸ்திரேட் அனுமதியின்றிப் போலீஸ் விசாரிக்காது. அரிவாளால் வெட்டியிருந்தால் அரிவாள் என்றே எழுதுங்கள். அது 118(1), போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். நடக்காததைச் சேர்க்காதீர்கள், ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பற்றி மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஏ.ஆர். காப்பியில்தான் நிறைய வழக்குகள் செத்துப்போகின்றன. பயத்திலோ, கூட வந்தவர் பேச்சைக் கேட்டோ, அரசு மருத்துவமனை டாக்டரிடம் 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொன்னால் அதுதான் பதிவாகும். யார், எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்கு என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் ஸ்டேஷனுக்கு ஒரு புதுச் சாக்கு கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் முதல்கட்ட விசாரணைக்கு பி.என்.எஸ்.எஸ். (அன்று அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173(3) பதினான்கு நாள் தருகிறது. 118(1)-உம் இதற்குள் வரும். ஆனால் டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்த முதல்கட்ட விசாரணையே கிடையாது (பிரிவு 18-ஏ).

அப்படியும் பதியவில்லையா? புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையாவிட்டால், போலீஸை விசாரிக்க உத்தரவிடக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய ஆதாரமும் பிரமாணப் பத்திரமும் இல்லாமல் போனால் மனு நிற்காது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

எஃப்.ஐ.ஆர். விழுந்ததும் எதிர்த்தரப்பு ஒரு புகாரைக் கொண்டுவரும். கவுண்டர் கேஸ். 'ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சுக்குங்க' என்று உட்கார வைக்கத்தான் பெரும்பாலும் இது. தமிழ்நாடு காவல் நிலையாணை (போலீஸ் நடைமுறை விதி) 566, பழைய எண் 588-ஏ, படி இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, முதலில் வம்புக்கு வந்தவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ராஜி பேச்சுக்குக் கூப்பிட்டால் இந்த எண்ணைச் சொல்லி, எழுத்தில் மனு கொடுங்கள்.