அப்பாவோட குரல்: சில நாட்கள்

மார்ச் 2

அப்பா தொண்டையில இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாதாம். ரகசியம் பேசற மாதிரி மெதுவா பேசறது கூட கூடாது, அதுதான் இன்னும் கெடுதல்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாரு.

மார்ச் 3

ஒரு நோட்டுல எழுதி எழுதி காட்றாரு. இன்னிக்கு மட்டும் நாலு பக்கம். மாத்திரை எங்க, கேஸ் ஆஃப் பண்ணியாச்சா, ஃபேனைக் குறை. ராத்திரி படுக்கப் போறப்ப ஒரே ஒரு வரி எழுதினாரு, "பண்டிகைக்கு பாட்டு யாரு?"

அம்மா படிச்சிட்டு என்னைப் பார்த்தாங்க. நான் பதில் சொல்லல.

மார்ச் 4

பதினேழு வயசுல எனக்கு கடவுள் நம்பிக்கை போச்சு. சண்டை போட்டு போகல, யாரும் என் மனசை மாத்தவும் இல்ல, ஒருநாள் கண்ணை மூடினப்ப அந்தப் பக்கம் கேக்க யாரும் இல்லேன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம் ஆச்சு, ஒரு பண்டிகைக்கு கூட வீட்டுக்கு வராம இருந்ததில்ல. ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு, "நம்பிக்கை இல்லேங்கறீங்க, அப்புறம் எதுக்கு லீவு போட்டுட்டு ஓடறீங்க?" கெட்ட எண்ணத்துல கேக்கல, நிஜமாவே புரியாமதான் கேட்டாரு. எனக்கு அப்ப சரியா சொல்ல வரல.

நான் மட்டும் இப்படி இல்லேன்னு தெரியும். 2013ல பியூ ஆய்வு மையம் அமெரிக்கால எடுத்த சர்வேல, கிறிஸ்தவரா இல்லாதவங்கள்லயே பத்துல எட்டு பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடறோம்னு சொல்லியிருந்தாங்க. கடவுள் இல்லேன்னு உலகம் பூரா வாதாடற ரிச்சர்ட் டாக்கின்ஸே 2007ல பிபிசில பேசறப்ப, கிறிஸ்துமஸ் பாட்டு பாடறது தனக்கு பிடிக்கும், பண்பாட்டு அளவுல தானும் கிறிஸ்தவன்தான்னு சொன்னாரு. ஆனா அவங்க எல்லாரும் பண்றாங்கங்கறது எனக்கு காரணம் ஆகாது. விளக்கு ஏத்தலாம், சேர்ந்து சாப்பிடலாம், பெரியவங்க கால்ல விழலாம், அதெல்லாம் எனக்கு உறுத்தினதே இல்ல. பாட்டுதான் உறுத்துது. அதுலயும் மூணாவது சரணம், "உன்னை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல"ன்னு வர்ற இடம். இத்தனை வருஷம் கூட்டத்துல ஒருத்தியா நிக்கறப்ப அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிப்பேன். அப்பா குரல் பெருசு, யாருக்கும் தெரியாது.

தனியா பாடினா தெரியும்.

மார்ச் 5

ரிப்போர்ட் வரல.

மார்ச் 6

அக்காக்கு லீவு கிடைச்சிருச்சு. அவ ஷிஃப்ட் வேலைல இருக்கா, மாமா வேற ஷிஃப்ட், எனக்கு சனி ஞாயிறு லீவு, அவங்களுக்கு அது கிடையாது. யோசிச்சு பார்த்தா நாங்க எல்லாரும் ஒரே கூரைக்கு கீழ ஒரே நாள்ல இருக்கறது வருஷத்துல ரெண்டு தடவை, ரெண்டுமே பண்டிகை. நான் ஒரு நல்ல நாளா பார்த்து "எல்லாரும் வாங்க"ன்னு கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க, ஒருத்தருக்கு மீட்டிங், ஒருத்தருக்கு பரீட்சை. பண்டிகைன்னு சொன்னா மேனேஜர் கூட ஏன்னு கேக்கறதில்ல.

1929ல சோவியத் யூனியன்ல வாரத்தையே மாத்தினாங்க. ஞாயித்துக்கிழமையை எடுத்துட்டு வேலைக்காரங்களை அஞ்சு பிரிவா பிரிச்சாங்க, நாலு நாள் வேலை, ஒரு நாள் லீவு, ஆனா ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள். மெஷின் நிக்காம ஓடணும், சர்ச்சுக்கு போற பழக்கமும் ஒழியணும்னு கணக்கு. கணக்குப்படி பார்த்தா முன்ன விட லீவு அதிகம். ஆனா புருஷனுக்கு ஒரு நாள், பொண்டாட்டிக்கு ஒரு நாள், ஃப்ரெண்டுக்கு வேற நாள்னு ஆயிருச்சு. ஜனங்க குமுறினாங்க. 1931ல எல்லாருக்கும் பொது லீவு திரும்ப வந்துச்சு, 1940ல ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு. நடுவுல 1935 டிசம்பர்ல, அதுவரைக்கும் மத அடையாளம்னு ஒதுக்கி வச்சிருந்த கிறிஸ்துமஸ் மரத்தை, புத்தாண்டு மரம்னு பேர் மாத்தி அவங்களே திரும்ப கொண்டு வந்தாங்க, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான போஸ்டிஷேவ் கட்சியோட பிராவ்தா பேப்பர்ல எழுதின ஒரு கடிதத்துக்கு அப்புறம்.

லீவு வேற, எல்லாருக்கும் ஒரே நாள்ல லீவு வேற. ஆபீஸ்ல கேட்டவருக்கு இதைத்தான் சொல்லியிருக்கணும். அந்த நாளை மதம்தான் உண்டாக்கி வச்சிருக்கு, என்னால அதுக்கு பதிலா இன்னொண்ணு உண்டாக்க முடியாது.

மார்ச் 7

விளக்கு தேச்சேன். அம்மாவுக்கு கை வலி. போன வருஷ எண்ணெய் அடியில தேன் மாதிரி கெட்டியா பழுப்பா நிக்குது, நகத்தால சுரண்டி எடுக்கணும். திரி வைக்கற மூக்கு உள்பக்கம் கரி ஏறி கறுப்பா இருக்கு, அதை என்ன தேச்சாலும் போகாது, அப்பாவோட அம்மா காலத்து கரி அது. விரல் இடுக்குல கறுப்பு இன்னும் போகல. அரைமணி நேரம் ரிப்போர்ட் ஞாபகம் வரல.

மார்ச் 8

இன்னிக்கு மனசு சரியில்ல. கூட படிச்சவ ஒருத்தி ஃபோன் பண்ணா. அவ பண்டிகைக்கு வீட்டுக்கு போறதில்ல. சின்ன வயசுல சாமி பேரை சொல்லி அவளை என்ன என்ன பண்ணாங்கன்னு எனக்கு தெரியும். வேற ஜாதில கல்யாணம் பண்ணதுக்கு அந்த பூஜை ரூம் வாசல்லயே நிக்க வச்சு பேசினாங்க. அவகிட்ட போய் "சும்மா குடும்பத்துக்காக போயேன்"னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எனக்கு பண்டிகை இனிக்குதுன்னா எங்க வீட்டுல என்னை யாரும் அடிச்சு கும்பிட வைக்கல, அதனாலதான். பதினேழு வயசுல நான் சொன்னப்ப அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சரி, விளக்கு ஏத்தறப்ப மட்டும் பக்கத்துல நில்லு"ன்னாரு. அன்னிக்கு அவர் கத்தியிருந்தா நானும் இன்னிக்கு இங்க இருந்திருக்க மாட்டேன்.

அந்த குரல்தான் இப்ப.

மார்ச் 9

லேப்ல கேட்டேன். புதன்கிழமை பண்டிகை லீவு, வியாழக்கிழமைதான் ரிப்போர்ட்னாங்க. வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அந்த பொண்ணு பாவம், அவளுக்கும் வீட்டுக்கு போகணும்ல.

மார்ச் 10

தூக்கம் வரல. டர்க்கைம்னு ஒரு சமூகவியலாளர், ரபி குடும்பத்துல பிறந்து நம்பிக்கை இல்லாம ஆனவரு. ஜனங்க சடங்குக்கு ஒண்ணா கூடறப்ப உள்ள ஒரு வேகம் பொங்குது, அந்த கூட்டத்தோட சக்தியைத்தான் அவங்க தெய்வம்னு உணர்றாங்கன்னு 1912ல எழுதினாரு. காலேஜ்ல படிச்சப்ப அது பரீட்சைக்கான விஷயமா மட்டும் இருந்துச்சு. அப்புறம் 2011ல வந்த ஒரு ஆராய்ச்சி, ஸ்பெயின்ல சான் பெத்ரோ மன்ரிக்கேங்கற கிராமத்துல திருவிழாவுக்கு தீ மிதிப்பாங்க, மிதிக்கறவங்களுக்கும் பார்க்கறவங்களுக்கும் நெஞ்சுல கருவி கட்டி இதயத்துடிப்பை அளந்திருக்காங்க. மிதிக்கறவரோட துடிப்பும், சும்மா உக்காந்து பார்த்துட்டு இருந்த சொந்தக்காரங்க துடிப்பும் ஒரே மாதிரி ஏறி இறங்கியிருக்கு. வேடிக்கை பார்க்க வந்த வெளியாளுங்களுக்கு அப்படி ஆகல. அங்க யாரு சாமியை நம்பினாங்க நம்பலன்னு அந்த கருவிக்கு தெரியாது. யாரு யாருக்கு சொந்தம்னு தெரிஞ்சிருக்கு.

சாயங்காலம் அப்பாகிட்ட நேரா கேட்டுட்டேன். "ப்பா, நம்பாம நான் பாடினா உங்களுக்கு கஷ்டமா இருக்காதா? உங்க சாமியை அவமானப்படுத்தற மாதிரி இருக்காதா?" நோட்டை வாங்கி ரொம்ப நேரம் யோசிச்சாரு. எழுதினது இதுதான்:

"சுருதி குறைச்சு எடு. மூணாவது சரணம் உனக்கு மேல எட்டாது."

அப்ப நான் அந்த வரிக்கு வாயை மூடறது அவருக்கு தெரியுமா தெரியாதா. கேக்கல.

மார்ச் 11

எல்லாரும் வந்துட்டாங்க. மாமா, அக்கா, பசங்க, சித்தி வீடு, பதினாலு பேர். பாப்பா கையால விளக்கு ஏத்தினோம், அவ கையை பிடிச்சுக்கிட்டது அப்பா.

குறைச்சுதான் ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு சரணம் போச்சு. மூணாவது வர்றப்ப அப்பாவைப் பார்த்தேன், அவர் உதடு அசையுது. சத்தம் இல்ல. ஆனா கழுத்து நரம்பு எழும்புது, பாட்டு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, அவரால அடக்க முடியலன்னு தெரிஞ்சுது. அம்பது வருஷமா அந்த இடத்துல அவர்தான் பாடியிருக்காரு. இன்னும் ஒரு நொடி விட்டா குரல் கொடுத்துருவாரு. எனக்கு பயம் வந்துருச்சு. அவர் பாட வேண்டிய அவசியமே இல்லாம போகணும்னு, இருக்கற மூச்சை எல்லாம் சேர்த்து சத்தமா எடுத்தேன். உன்னை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல. அவரைப் பார்த்துதான் பாடினேன். சுருதி மேல போயிருச்சு, குரல் உடைஞ்சுது, அக்கா சேர்ந்துக்கிட்டா, அப்புறம் சித்தி. அப்பா உதடு நின்னுச்சு.

இப்ப மணி பதினொண்ணரை. ஹால் பூரா பாய் விரிச்சு தூங்கறாங்க. விளக்கு இன்னும் எரியுது, நான் அணைக்கல.

மார்ச் 12

ஒம்பதே கால். லேப்ல இருந்து ஃபோன். நேர்ல வாங்க, டாக்டர் பேசணுமாம். அப்பா சட்டை மாத்திட்டு இருக்காரு, நோட்டை எடுத்து பைல வச்சுட்டேன், பேனா தேடறேன்