ஹிஸ்டோன் ஜீன்களை நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வுக்கு முதல் முறை படித்தபோது, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதம் என்றாலே எனக்கு நியூக்ளியோசோம் படம்தான். நடுவில் எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகை ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாக எட்டுப் புரதங்கள், சுற்றிலும் 147 பேஸ் ஜோடி டிஎன்ஏ, வெளியே ஐந்தாவது வகையான எச்1. அந்தப் புரதங்களுக்கான ஜீன்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்ற பக்கங்களை வெறுமனே புரட்டிவிட்டுப் போனேன்.

மறுபடி அந்தப் பக்கங்களுக்கு என்னை இழுத்துவந்தது எம்எஸ்சி ப்ராஜெக்ட். செல்லின் எம்ஆர்என்ஏவில் ஒலிகோ டிடி ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) போட்டு சிடிஎன்ஏ, அதாவது அதன் டிஎன்ஏ நகல் செய்து, எச்4 பகுதியைப் பெருக்கப் பிசிஆர் வைத்தேன். ஜெல்லில் கன்ட்ரோல் ஜீன் பளிச்சென்று தெரிந்தது. எச்4 லேன் காலி. எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர் ப்ரைமருக்கு மாறியதும் பேண்ட் வந்தது. சந்தோஷம் நீடிக்கவில்லை. சிடிஎன்ஏவை உருவாக்கும் என்சைமான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ட்யூபிலும் அதே உயரத்தில் அதே பேண்ட்!

இரண்டுக்கும் காரணம் நான் தாண்டிப்போன பக்கங்களில் இருந்தது. வழக்கமான ஹிஸ்டோன் எம்ஆர்என்ஏவுக்குப் பாலி ஏ வால் (நுனியில் நீளும் 'ஏ' எழுத்துத் தொடர்) கிடையாது. அதனால் ஒலிகோ டிடி பிடித்துக்கொள்ள இடமில்லை. வாலுக்குப் பதில் நுனியில் கொண்டை ஊசி போல மடங்கிய ஒரு சிறு வளையம். அந்த ஜீன்களில் இன்ட்ரானும் (எம்ஆர்என்ஏ உருவாகும்போது வெட்டி எறியப்படும் இடைத்துண்டு) கிடையாது; அதனால் மிச்சமிருக்கும் ஜீனோம் டிஎன்ஏவும் சிடிஎன்ஏவும் ஒரே நீளப் பேண்டைத் தரும். மிச்ச டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் என்சைம் போடாமல் விட்டது என் தவறு.

அதற்குப் பிறகு இந்தத் தலைப்பை ஒரே கேள்வியை வைத்துப் படித்தேன்: செல்லுக்கு இது எப்போது வேண்டும்? எஸ் கட்டத்தில் டிஎன்ஏ இரட்டிக்கும்போது ஹிஸ்டோன் மலைபோலக் குவிய வேண்டும். இரட்டிப்பு முடிந்தால் எம்ஆர்என்ஏ உடனே அழிய வேண்டும். நுனி வளையமும் அதைப் பிடிக்கும் எஸ்எல்பிபி புரதமும் அதற்குத்தான். ஒவ்வொரு ஹிஸ்டோன் ஜீனுக்கும் பல பிரதிகள் ஏன் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

கடல் முள்ளெலியைப் பாருங்கள். கருவுற்ற முட்டை விறுவிறுவென்று பிளவுபடும். அந்த ஆரம்ப கட்டத்துக்கான ஐந்து ஹிஸ்டோன் ஜீன்களும் ஒரே திசையில் வரிசையாக நிற்க, அந்தத் தொகுதியே நூற்றுக்கணக்கான முறை அடுத்தடுத்துத் திரும்ப வரும். பிந்தைய கட்டத்துக்கான ஜீன்களோ குறைவு, சிதறியும் கிடக்கும்.

பழ ஈயில் சுமார் 5,000 பேஸ் ஜோடி நீளமுள்ள தொகுதி ஏறத்தாழ 100 முறை, இரண்டாம் குரோமோசோமில் ஒரே இடத்தில். திசைதான் இங்கே குழப்பும். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம், ஜீன் படிக்கப்படும் திசையை அம்பாக வைத்து நான் வரைந்தது இதுதான்: எச்3-க்கு இடது அம்பு, எச்4-க்கு வலது, எச்2ஏவுக்கு இடது, எச்2பிக்கு வலது. ஜோடிக்கு ஜோடி முதுகு காட்டி நிற்கும், எச்1 தனி. கண்ணால் படித்து நிற்காதது, நாலு தடவை கையால் வரைந்ததும் நின்றுவிட்டது.

மனிதனிடம் வந்தால் இந்த ஒழுங்கு கிடையாது. இங்கே தர்க்கம் உதவாது, மனப்பாடம்தான். ஆறாம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜீன்கள் கொண்ட பெரிய கொத்து, முதல் குரோமோசோமில் இரண்டு சிறிய கொத்துகள். ஒரே அச்சில் வார்த்த தொகுதிகள் அல்ல; ஆனால் எச்2ஏவும் எச்2பியும் முதுகு காட்டி நிற்கும் ஜோடிகளை இங்கேயும் காணலாம். பழைய புத்தகத்தில் 'ஹிஸ்ட்1' என்று தொடங்கும் பெயர்கள் இப்போது மாறிவிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எச்3-இன் மாற்று வடிவமான எச்3.3-ஐத் தனித்தாளில் எழுதுங்கள். எஸ் கட்டத்துக்கு வெளியேயும் அது தேவை. அதனால் கொத்தில் இல்லை, இன்ட்ரான் உண்டு, பாலி ஏ வாலும் உண்டு. மனிதனில் 1, 17 ஆகிய குரோமோசோம்களில் அதற்கு ஒவ்வொரு ஜீன். இரண்டும் தருவது ஒரே புரதம். கூற்றுகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் பார்ட் சி வகைக் கேள்விக்கு இந்த வேறுபாட்டை உறுதியாக வைத்திருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. பழ ஈயில் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் அந்தக் கொத்தை மொத்தமாக நீக்க முடிந்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வில், அப்படி நீக்கிய ஈக்கு வெறும் 12 பிரதிகளைத் திருப்பிக் கொடுத்ததும் அது உயிர் பிழைத்தது. அந்த 12-இலும் எச்3-இன் 27-ஆம் இடத்து அமினோ அமிலமான லைசினை மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று நேரடியாகவே கேட்க முடிந்தது. கொத்துகள் இப்படிப் பிரிந்து கிடக்கும் மனித செல்லில் அதே சோதனையை எப்படி அமைப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.