பழைய மொறிஸ் மைனருக்கு விலை போட்ட கதை

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், காரைக் கண்ணால் காணாத ஆளும் விலை சொல்லிவிடுவார். "உதுக்கு நாலு இலட்சத்துக்கு மேல குடுக்காதை" என்றார் ஒருவர். லண்டனில் இருந்து வாற ஆக்கள் பதினைந்துக்கும் தூக்கிக்கொண்டு போவினம், கிடைச்சால் விடாதை என்றார் இன்னொருவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது மொறிஸ் மைனர் என்கிற பழைய இங்கிலாந்துச் சின்னக் கார், நான்கு கதவு. வடமராட்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. அவர் கேட்டது 10.5 இலட்சம்.

இந்த மாதிரிக் காருக்கு விளம்பரத்தில் போடும் விலையை வைத்து ஒன்றும் செய்யமுடியாது, அது விற்கிறவரின் ஆசை, அவ்வளவுதான். கடைசியில் என்ன காசு கை மாறியது என்பதுதான் வேண்டும், அது தெரிந்தவர்கள் கராஜ்காரர். கொக்குவிலில் இன்னும் ஒஸ்ரின், மைனர் போன்ற பழைய கார்களுக்கு வேலை செய்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், உங்கள் கையால் போன கார்கள் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் கேட்டேன். அடிப்பகுதி சுகமாக, ஓடுகிற நிலையில், காரின் பதிவுப் புத்தகம் சுத்தமாக இருந்தால் 11 என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஏறின விலை, 2025 பெப்ரவரியில் திறந்தும் எங்கள் பக்கம் இறங்கின மாதிரித் தெரியவில்லை. சரி, 11 என்பது குறையில்லாத காரின் விலை. அதிலிருந்து குறைகளின் செலவை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவது என்று முடிவெடுத்தேன். பழசு, பெறுமதியானது, வாத்தியாரின் கலியாணக் கார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

முதலில் வயது. 58 ஆம் ஆண்டுக் கார் என்றார் வாத்தியார். ஆனால் இலக்கத் தகட்டில் ஈ.என். என்று ஆங்கில எழுத்து. 1957 இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதை எதிர்த்து 58 இல் இங்கே நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆங்கில எழுத்தென்றால் அதற்கு முந்திப் பதிந்த கார். முன்கண்ணாடியும் நடுவில் பிரிந்த இரட்டைக் கண்ணாடி, 1956 இல் மைனர் 1000 வந்தபோதுதான் அது ஒற்றைக் கண்ணாடியானது. கதவுத் தூணில் இருந்து கைபோல் வெளியே நீளும் பழைய சிக்னலும் இருந்தது. ஆக வயதில் வாத்தியார்தான் காரை இளமையாக்கியிருக்கிறார், அதில் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது எஞ்சின். 948 சிசி எஞ்சின் மைனர் 1000 உடன்தான் வந்தது, அதற்கு முந்தின மைனருக்கு அதிலும் சின்ன எஞ்சின், இதில் இருந்ததோ 948.

எஞ்சினைக் குளிர்ந்தபடிதான் பார்க்கவேண்டும். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் ஐயா என்று போனிலேயே சொல்லியிருந்தேன், போனவுடன் பொனெற்றைத் தொட்டும் பார்த்தேன். காரணம் மண்ணெண்ணெய். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிஸ்ரன் றிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேயும், அந்தத் தேய்மானம் சூடான எஞ்சினில் அவ்வளவு தெரியாது. அண்ணை நாலு சிலிண்டருக்கும் கொம்பிறஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்த்தார், நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீலப் புகையும் இல்லை. யாரோ நல்லபடி திறந்து வேலை செய்திருக்கிறார்கள். இதில் கழிக்க ஒன்றுமில்லை.

ஆனால் மைனரின் விலை எஞ்சினில் இல்லை, அடியில் இருக்கிறது. எஞ்சினுக்கான சாமான் இன்றைக்கும் எடுக்கலாம். பொடி, அதாவது காரின் உடல், அப்படியில்லை. இந்தக் காருக்குத் தனியாகச் சேஸி என்கிற அடிச்சட்டம் கிடையாது, பொடியே சேஸி. நடுவில் குறுக்கே போகும் தூணில்தான் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி வந்து பிடிக்கிறது, அது கறள் பிடித்துத் தின்றுபோனால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பிரயோசனமில்லை. கடற்கரைக் காற்றில் நின்ற கார் வேறு. கார்பெற்றைத் தூக்கிவிட்டு ஸ்குறூ ட்றைவரால் அமத்திக்கொண்டு போனோம். குறுக்குத் தூண் தப்பியிருந்தது. பின் வில் தகடு மாட்டுகிற இடத்தில் ஸ்குறூ ட்றைவர் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே பிடித்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவேயில்லை, அங்கே தகடில்லை, முழுக்க கற்றலோய் என்கிற, ஓட்டையை மூடப் பூசுகிற பட்டி. வாத்தியாரின் முகம் கொஞ்சம் மாறியது. "ரிங்கர் பொடியன் தகடு அடிச்சதெண்டுதான் சொன்னவன் தம்பி" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது முன்சில்லு. மைனரில் கீழ் ட்றனியன் என்கிற திருகுப்புரி மூட்டு ஒன்று இருக்கிறது, கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு அப்படியே மடிந்து கார் முகம் குப்புற இருக்கும். ஜாக்கில் தூக்கி, சில்லுக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்பியபோது வலப்பக்கம் மேலும் கீழும் ஆடியது. அண்ணை என்னைக் குனியச் சொல்லி கிறீஸ் அடிக்கும் நிப்பிளைக் காட்டினார்: அதன் வாயில் பச்சைப் பெயின்ற், காருக்கு அடித்த அதே பெயின்ற், உடையாமல் மூடியிருந்தது. பெயின்ற் அடித்த நாளிலிருந்து ஒருதரம்கூட அதில் கிறீஸ் ஏறவில்லை.

கணக்கு: வெல்டிங், ரிங்கர் (தகட்டு வேலை), பெயின்ற் 2.25 இலட்சம். முன் சஸ்பென்ஷன் 60 ஆயிரம். ரயர் நாலும் பற்றறியும் 1.25. எல்லாம் 4.1, பதினொன்றில் கழித்தால் 6.9.

புத்தகம் மட்டும் பாக்கி. பொனெற்றுக்குள் இருந்த தகட்டில் சேஸி இலக்கம் புத்தகத்தோடு பொருந்தியது. எஞ்சின் புளொக்கில் அறைந்திருக்கும் சின்னத் தகட்டு இலக்கம் பொருந்தவில்லை, எஞ்சினை மாற்றியவர் பதியவில்லை. இதற்கு ஆக்கள் ஒரு தொகையைக் குறைத்துவிட்டு வாங்குவார்கள், பிறகு பெயர் மாற்றப் போகும்போது அலைவார்கள். நான் இதைக் காசாக்க விரும்பவில்லை. அந்த எஞ்சின் எங்கே வாங்கியது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும், அவர்தான் சரிசெய்து தரவேண்டும். ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயர் எழுதாத மாற்றப் படிவத்தில், கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்று வாத்தியார் சொன்னதற்கும் வேண்டாம் என்றேன்.

6.5 என்று தொடங்கினேன். வாத்தியார் கோபப்படவில்லை, உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்பது என்றார். நான் விலையைப் பற்றிக் கதைக்காமல் கணக்கு எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கணக்கு வாத்தியாராம், பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வரியாகப் போய் பற்றறி புதிது, பில் இருக்கிறது என்று காட்டி அதை வெட்டுவித்தார், பெயின்ற் நீ விரும்பினால் அடிப்பது, அது கறளில்லை என்று அதிலும் கொஞ்சம் வெட்டினார். நியாயம்தான். 7.25 இல் நின்றது, 1 இலட்சம் முற்பணம், எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் ஏறின பிறகு மிச்சம் என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

பற்றுச்சீட்டு எப்படியோ தேடி எடுத்துவிட்டார், கொஞ்சம் இழுபட்டாலும் மாற்றம் பதிந்து வந்தது. காரை ஓட்டிக்கொண்டு வரவில்லை, அந்த முன்சில்லோடு பருத்தித்துறை வீதியில் வர எனக்குத் துணிவில்லை. லொறியில் ஏற்றி நேரே கொக்குவிலுக்குக் கொண்டுவந்தோம். லொறிக் கூலியில் பாதி வாத்தியாரிடம் கேட்டுப் பார்த்தேன், அது உன்ர தாளில் இல்லையே தம்பி என்றுவிட்டார்.