அளவுப் புத்தகத்தில் எங்கள் தெரு

எங்கள் ஊர் ஒரு சின்னப் பேரூராட்சி. பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன், வீட்டு வரியும் அங்கேதான் கட்டுகிறேன்.

2023 கோடையில் எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டினார்கள். அந்த ஐப்பசியில் மழை பெய்தது. முன்பு தண்ணீர் எங்கே தேங்குமோ அதே இடத்தில், இந்த முறை நான்கு விரற்கடை கூடுதலாகத் தேங்கியது. வடிகாலுக்குள் விழுந்த தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்று பச்சை பூத்தது. கவுன்சிலரிடம் இரண்டு முறை சொன்னேன். "அடுத்த நிதியில் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்று இரண்டு முறையும் ஒரே சிரிப்போடு சொன்னார்.

டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் அது டெல்லிக்குப் போய்விடும். நானும் அப்படித்தான். மாநிலங்களவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். எங்கள் செயல் அலுவலரின் பெயரைக் கேட்டால் விழிப்பேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாக மன்றமே இல்லை, தனி அலுவலர்தான் எல்லாம். வார்டுக்கு உறுப்பினர் இல்லையே என்று எங்கள் தெருவில் ஒருவரும் பதறியதாக எனக்கு நினைவில்லை. நான் பதறவில்லை, அது நிச்சயம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது என்று முடிவு செய்ததை வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டு வரி பாக்கி இல்லையே?" இரண்டு அரையாண்டு பாக்கி இருந்தது. மறுநாளே போய்க் கட்டி, ரசீதை பீரோவில் வைத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதல் மனுவை ஏதோ மேடைப்பேச்சு போல எழுதியிருந்தேன். வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது? இதற்கு யார் பொறுப்பு? பொதுமக்கள் இன்னும் எத்தனை காலம் பொறுப்பது? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, 2024 பிப்ரவரி தொடக்கத்தில் நேரிலேயே கொண்டுபோனேன். தபால் பிரிவில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதற்காக சார் கேட்கிறீர்கள்?" என்றார். மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் ஆறாவது பிரிவே சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த இடத்தில் வாய் வரவில்லை. "சும்மா, தெரிந்துகொள்ளத்தான்" என்று வழிந்தேன்.

இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. தாங்கள் கோரியுள்ளவை விளக்கம் கேட்கும் வகையில் அமைந்துள்ளதால் மேற்படி சட்டத்தின் கீழ் வழங்க இயலாது என்று இரண்டே வரி. கோபத்தில் அதை எடுத்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் என் மனுவைப் படித்தார், பிறகு பதிலைப் படித்தார். "பதில் சரிதானே" என்றார். "அரசாங்கத்திடம் காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். காரணத்தை அவர்கள் உட்கார்ந்து உண்டாக்க வேண்டும். காகிதம் ஏற்கெனவே இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்வது கஷ்டம்."

அவரே சொல்லச் சொல்ல இரண்டாவது மனுவை எழுதினேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. பணிக்கான மன்றத் தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், பில் தொகை வழங்கிய ஆவணத்தின் நகல். கடைசியாக, அந்தப் பணிக்குரிய அளவுப் புத்தகத்தை நேரில் பார்வையிட அனுமதி. முடிந்த வேலையை அளந்து, பில்லுக்கு ஆதாரமாக எழுதிவைக்கும் புத்தகம் அது. அலுவலகத்தில் இதை எம் புக் என்பார்கள். ஆவணங்களை மட்டுமல்ல, வேலை நடந்த இடத்தையே பார்வையிடவும், போட்ட சரக்கில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் உரிமை தருகிறது. "சிமென்டைச் சுரண்டுவதெல்லாம் இப்போது வேண்டாம், முதலில் புத்தகத்தைப் பாருங்கள்" என்றார் நண்பர்.

இப்படிக் கூலிக் கணக்கையும் பில்லையும் காட்டு என்று கேட்டுத்தான் இந்தச் சட்டமே பிறந்தது. ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் திரண்ட ஏழை உழைப்பாளிகள், பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் வருகைப் பட்டியலையும் ஊர் நடுவில் வாசிக்க வைத்தார்கள். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். தமிழ்நாடு 1997லேயே இதற்கென்று சட்டம் இயற்றிய மாநிலம், நாட்டிலேயே முதலாவது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது. பி.காம். படித்த நான், அந்த உழைப்பாளிகளுக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு மனு வீணாக வேண்டியிருந்தது.

இந்த முறை பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். (அந்தப் பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். மனு போட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு சின்ன துக்கம்.) தேதி மார்ச் 20. நான்கு நாள் முன்னதாகத்தான் மக்களவைத் தேர்தலை அறிவித்திருந்தார்கள்.

பதில் தர வேண்டிய முப்பது நாளும் ஊரில் தேர்தல்தான். எங்கள் தெருவுக்கு ஒவ்வொரு கட்சியும் வந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தேங்கிய தண்ணீரைத் தாண்டித்தான் போனார்கள். நான் ஒருவரிடம் வடிகாலைக் காட்டினேன். "இது எம்.பி. தேர்தல் ஐயா" என்றார். தப்பில்லை, அவர் சொன்னது சரிதான். ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளோடு முப்பது நாள் முடிந்தது. பதில் இல்லை. அலுவலகத்தில் விசாரித்தால், நடத்தை விதி அமலில் இருக்கிறதாம். நடத்தை விதிக்கும் அளவுப் புத்தகத்தைக் காட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் பாதிப் பேர் தேர்தல் பணியில் இருந்தார்கள் என்பதும் உண்மை. காலியான நாற்காலிகளை நானே பார்த்தேன்.

ஏப்ரல் 29இல் முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் இல்லை, வெள்ளைத் தாள் போதும். மேல்முறையீட்டு அலுவலர் முப்பது நாளுக்குள், தாமதமானால் காரணம் எழுதி நாற்பத்தைந்து நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். நாற்பத்து நான்காவது நாள் மாவட்டத் தலைநகரில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எட்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த அம்மா மனுவைப் படித்தார், எங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவரைப் பார்த்தார், "புத்தகம் இருக்கிறதா?" என்றார். "இருக்கிறது மேடம்." "காட்டிவிடுங்கள்." அவ்வளவுதான். இதற்காகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன் என்பதை மறந்து, படியிறங்கும்போது எனக்குக் கை லேசாக நடுங்கியது.

அளவுப் புத்தகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்ட எண். ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கொள்ளளவு என்று வரிசையாகக் கட்டங்கள். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பார்க்கக் கட்டணம் இல்லை. நாற்காலியை மேஜையோடு இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எழுத்தர் எதிரில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெரு வந்தது. மண் தோண்டுதல், 186 மீட்டர். அடியில் 1:4:8 விகிதத்தில், 40 மி.மீ. ஜல்லியோடு கான்கிரீட், 186 மீட்டர். பக்கச் சுவர், 186 மீட்டர். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு உறுத்தியதே அதுதான். எங்கள் தெருவின் வடிகால் துண்டு துண்டானது. சில வீடுகளின் முன்னால் அது கிடையாது. டேப்பைப் பிடித்து ஒருவர் அளந்திருந்தால் துண்டுக்கு ஒரு வரியாக எழுதித்தான் கூட்டியிருக்க வேண்டும். இங்கே ஒரே எண் தலையிலிருந்து கால்வரை இறங்கி வந்திருந்தது. வேலைக்கு முன்பே தயாரித்த மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 186.

ஏழு பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 14 ரூபாய் கட்டினேன். மீதிப் பணம் 9 லட்சத்து 80 ஆயிரம், அதை ஏற்கெனவே எல்லோருமாகச் சேர்ந்து கட்டியிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து நாங்களே அளந்தோம். 38.2. 21.4. 44.6. 36.9. ஆக மொத்தம் 141.1 மீட்டர். தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் மெல்லக் கூட ஆரம்பித்தார்கள். நடுவில் மூன்று இடைவெளிகள் சேர்ந்து 21.8. வாய்க்காலைத் தொட வேண்டிய கடைசி 23.1 மீட்டர் தோண்டப்படவே இல்லை. தண்ணீர் ஏன் நிற்கிறது என்ற என் முதல் மனுவின் கேள்விக்கு டேப் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டது.

அளவுகளையும் நகலையும் சேர்த்துச் செயல் அலுவலருக்குக் கடிதம் கொடுத்தேன். நான்காம் நாள் பணி மேற்பார்வையாளர் நேரிலேயே வந்தார், சின்ன வயதுப் பையன். சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டாவது இடைவெளியின் முன்னால் நின்றார். 7.4 மீட்டர். என் வீடும் அடுத்த வீடும்.

"சார், நினைவிருக்கிறதா? ஆட்கள் படியை உடைக்க வந்தபோது, இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். டீ செலவுக்கு 200 ரூபாய்கூடக் கொடுத்தீர்கள்."

நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற மனைவி, "இருநூறு இல்லை தம்பி, முந்நூறு" என்றாள்.

ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக நான் போட்ட சாய்தளமும் இரண்டு படியும் தெருவுக்குள் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தன. பதினைந்து வருடமாக அவற்றை என் வீட்டின் பகுதி என்றே நினைத்திருந்தேன். வீட்டுப் பத்திரத்தை எடுத்து அளவைப் பார்த்தால், என் எல்லை கதவுக்கு ஒன்றரை அடி வெளியே முடிந்துவிடுகிறது. ஆக, நான் கேட்ட காகிதத்தில் 186 என்று பொய் எழுதியது யாரோ. அந்தப் பொய்க்கு ஒரு சில மீட்டர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது நான். லஞ்சம் என்ற சொல்லை அந்த முந்நூறுக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. டீ செலவு என்றால் கூச்சமில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அதே கொத்தனாரை வரச்சொல்லிப் படியை உடைத்தேன். கூலியும் குப்பை அள்ளுவதுமாக 3,500 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் தன் படியை உடைக்கவில்லை. "நீங்கள் மனு போட்டீர்கள், நீங்கள் உடையுங்கள்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கவுன்சிலர் ஒருநாள் மாலை வந்து, என் பெயர்ந்த வாசலைப் பார்த்துவிட்டு, "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தேன் என்பதை நினைவுபடுத்தினேன்.

செயல் அலுவலரின் பதில் ஆகஸ்டில் வந்தது. விடுபட்ட பகுதிக்கு அடுத்த நிதியாண்டில் மதிப்பீடு தயாரிக்கப்படும். படித்ததும் முதலில் மகிழ்ச்சிதான். நண்பரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, "ஏற்கெனவே பணம் கொடுத்த நீளத்துக்கு மறுபடியும் மதிப்பீடா?" என்று கேட்டார்.

எனவே மூன்றாவது மனு. வேலைக்குப் பிணையாக ஒப்பந்ததாரர் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தந்த ஆணை இருந்தால் அதன் நகல். அதிகப்படியாக வழங்கிய தொகையை வசூலிக்க ஏதேனும் நடவடிக்கை எடுத்திருந்தால் அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். கேள்விக்குறி கிடையாது. தனிநபர் விவரம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள் என்று நண்பர் எச்சரித்தார். அந்த விதிவிலக்கை முன்பைவிட அகலமாக்கும் திருத்தம் 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தது, அது அமலுக்கு வந்தது 2025 நவம்பரில்தான் என்றாலும் வம்பு எதற்கு என்று தோன்றியது. அதனால் ஒப்பந்ததாரரின் பெயரை நான் கேட்கவே இல்லை. தொகையும் தேதியும் போதும்.

வில்லை வாங்கப் போனபோது முத்திரைத்தாள் விற்பவர் என்னைக் கண்டதுமே பத்து ரூபாய் வில்லை ஒன்றைக் கிழித்து நீட்டினார். "இன்னொன்றும் கொடுங்கள், வீட்டில் இருக்கட்டும்" என்றேன்.